ஊரறிய மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தால்

இதைப் படிக்க வந்தவர்களில் சிலருக்கு அவசரம் இருக்கும். நேற்று நீங்கள் பேசிய பேச்சு பரவிவிட்டது. அல்லது நீங்கள் பொறுப்பில் இருக்கும் அமைப்பு யாருக்கோ தீங்கு செய்துவிட்டது. மாலைக்குள் ஓர் அறிக்கை வேண்டும் என்று நாலு பேர் நெருக்குகிறார்கள். இன்னும் சிலர் மறுபக்கத்திலிருந்து வந்திருக்கலாம். உங்களிடம் ஒருவர் பலர் அறிய மன்னிப்புக் கேட்டிருக்கிறார். படித்துப் பார்த்தால் என்னவோ நெருடுகிறது, எது என்று சொல்லத் தெரியவில்லை. இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எழுதும் முறை பிடிபட்டால் படிக்கும் முறையும் பிடிபடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். 'பொதுமன்னிப்பு' என்பது அரசு கைதிகளுக்கோ கிளர்ச்சியாளர்களுக்கோ வழங்குவது. நாம் பேசப்போவது அதற்கு நேர் எதிரானது. அங்கே அதிகாரம் உள்ளவர் மன்னிக்கிறார். இங்கே அதிகாரமோ புகழோ மேடையோ உள்ளவர் கேட்கும் இடத்துக்கு இறங்கி வருகிறார். அப்படி இறங்கினாரா, இறங்குவதுபோல் பாவனை செய்தாரா என்பதைப் பாதிக்கப்பட்டவரின் காது சட்டென்று கண்டுகொள்ளும்.

முதல் படி: பேனாவை எடுக்கும் முன் உங்களையே கவனியுங்கள்

குற்றவுணர்வும் அவமான உணர்வும் ஒன்றல்ல என்று உளவியலாளர் ஜூன் டாங்னி பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். 'நான் ஒரு தவறு செய்துவிட்டேன்' என்பது குற்றவுணர்வு. 'நானே கேவலமானவன்' என்பது அவமானம். முன்னது செய்ததைச் சரிசெய்யத் தூண்டுகிறது. பின்னது ஒளிந்துகொள்ளவும் மறுக்கவும் அடுத்தவர்மீது பாயவும் தூண்டுகிறது. ஆயிரம் கண்கள் பார்க்கும்போது நமக்குள் கிளம்புவது பெரும்பாலும் பின்னதுதான். அந்த நிலையில் உட்கார்ந்து எழுதினால் தற்காப்பு வாதம்தான் வரும். அதன் தலைப்பில் மட்டும் 'மன்னிப்பு' என்று இருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்க மறுப்பது மனத்துக்கு இதமாகவே இருக்கும். டைலர் ஒகிமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மறுத்தவர்களுக்குத் தன்மதிப்பும், நிலைமை தம் கையில் இருக்கிறது என்ற உணர்வும் கூடியிருந்தன. ஆகவே 'நான் ஏன் கேட்க வேண்டும்?' என்று நெஞ்சு நிமிரும்போது, உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். மறுப்பவர் எவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. கரினா ஷூமன் 2014-இல் செய்த ஆய்வில், தமக்கு மிக முக்கியமான விழுமியம் எது, அது ஏன் முக்கியம் என்று முதலில் எழுதியவர்கள், பிறகு நிறைவான மன்னிப்பைக் கேட்டார்கள், சாக்குப்போக்கும் குறைந்தது. தான் அடியோடு மோசமானவன் இல்லை என்று மனம் ஆறிய பிறகுதான் ஒரு தவறை நேருக்கு நேர் பார்க்கும் தெம்பு வருகிறது. கால் மணி நேரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். அந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். அறிக்கையில் அதிலிருந்து ஒரு வரிகூட வரக்கூடாது.

இரண்டாம் படி: கேளுங்கள், பிறகு பேசுங்கள்

'உடனே மன்னிப்புக் கேட்டுவிடு' என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். பாதி சரி. சிந்தியா ஃப்ரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் இருவரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாதிக்கப்பட்டவர் தன் மனக்குறையைச் சொல்லி, அது புரிந்துகொள்ளப்பட்டது என்று உணர்ந்த பின் வரும் மன்னிப்புக்கே நிறைவு அதிகம். அவர் வாயைத் திறக்கும் முன்பே கேட்டுவிட்டால், 'வாயை மூடு' என்பதை மரியாதையாகச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

அதற்காக ஊமையாக இருந்துவிடவும் முடியாது. முதல் நாளில் மூன்று வரி போதும்: என்ன நடந்தது என்று தெரியும், பாதிக்கப்பட்டவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்ன கிழமை முழு அறிக்கை வரும். கிழமையை எழுதத் தவறாதீர்கள். 'விரைவில்' என்று எழுதினால் அதை யாரும் நம்பமாட்டார்கள். அந்த இடைவெளியில் பாதிக்கப்பட்டவர்களை, அவர்கள் விரும்பினால், நேரில் சந்தியுங்கள். விளக்கம் சொல்லக் கூடாது. குறிப்பெடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பயன்படுத்திய சொற்கள்தான் உங்கள் அறிக்கையின் உயிர்.

மூன்றாம் படி: வாக்கியம் வாக்கியமாக எழுதுங்கள்

இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான மன்னிப்புகள் இலக்கணத்தில்தான் செத்துப்போகின்றன.

ஓர் அறக்கட்டளை என்று வைத்துக்கொள்வோம். கல்வி உதவி பெறும் மாணவர்களின் பட்டியலை வெளியிடும்போது, குடும்ப வருமானம், வீட்டில் இருப்பவரின் நோய் எல்லாவற்றையும் சேர்த்து ஊருக்கே தெரியும்படி வெளியிட்டுவிட்டது. அலுவலகத்தில் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கும்:

"சில தொழில்நுட்பக் காரணங்களால் பயனாளிகள் சிலரின் விவரங்கள் வெளியாகிவிட்டன. இதனால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் அதற்காக வருந்துகிறோம். மாணவர் நலனே எங்கள் நோக்கம். எங்கள் இருபது ஆண்டுச் சேவையை அனைவரும் அறிவர். இதிலிருந்து நாம் அனைவரும் பாடம் கற்றுக்கொள்வோம்."

படிக்க நாகரிகமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பாருங்கள்.

'வெளியாகிவிட்டன.' யார் வெளியிட்டது? தமிழில் 'ஆகிவிட்டது', 'நடந்துவிட்டது', 'நேர்ந்துவிட்டது' என்று சொன்னால் செய்தவர் வாக்கியத்திலிருந்தே மறைந்துவிடுவார். மழை பெய்ததுபோல் தவறும் தானாகப் பெய்துவிடும். 'வெளியிட்டோம்' என்று மாற்றுங்கள். எழுதும்போது கை தயங்கும். அந்தத் தயக்கம் வரும் இடத்தில்தான் உண்மை இருக்கிறது.

'புண்பட்டிருந்தால்.' இந்த 'ஆல்' விகுதியைப் போல மன்னிப்பைக் கெடுத்த எழுத்து வேறில்லை. புண்பட்டது உறுதியில்லை, ஒருவேளை சிலர் தொட்டாற்சிணுங்கிகளாக இருக்கலாம் என்று அது சொல்கிறது. செய்த செயலிலிருந்து பட்டவரின் மனத்துக்குப் பழியை நகர்த்திவிடுகிறது. நீதிமன்றங்கள் 'நிபந்தனையற்ற மன்னிப்பு' என்று கேட்பதற்குக் காரணம் உண்டு.

'வருந்துகிறோம்.' அடுத்த வீட்டில் துக்கம் நடந்தாலும் நாம் வருந்துகிறோம். அதில் நம் குற்றம் ஒன்றுமில்லை. வருத்தம் ஓர் உணர்ச்சி. மன்னிப்புக் கேட்பது ஒரு பொறுப்பை ஏற்பது. நாடுகள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்தே பயன்படுத்துகின்றன. 1919 ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு நூறாண்டு நிறையவிருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. ஆஸ்திரேலியாவில், பெற்றோரிடமிருந்து அரசே பிரித்தெடுத்த பழங்குடிக் குழந்தைகள் விஷயத்தில், 1999-இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு கொண்டுவந்த தீர்மானமும் வருத்தத்தோடு நின்றது. 2008 பிப்ரவரி 13 அன்று அடுத்த பிரதமர் கெவின் ரட் வந்து, 'மன்னிப்பு' என்ற, தப்பிக்க இடமில்லாத அந்த எளிய சொல்லையே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். திரைகளின் முன் கூடியிருந்தவர்கள் அழுதார்கள்.

'மாணவர் நலனே எங்கள் நோக்கம்.' ரட் பேசிய அதே நாளில் அதே மன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சன் தீர்மானத்தை ஆதரித்தே பேசினார். ஆனால் அந்தக் காலத்தில் குழந்தைகளைப் பிரித்தவர்களின் நல்ல நோக்கங்களுக்குள் பேச்சு போனதும், வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்த பலர் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். நல்ல நோக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காயம் பட்டவரிடம் அதை எடுத்துக்காட்டினால், அவர்தான் உங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இருபது ஆண்டுச் சேவைக்கும் இதே விதிதான். மன்னிப்பு கேட்கும் இடத்தில் சான்றிதழை நீட்டாதீர்கள்.

கடைசியாக 'நாம் அனைவரும்.' தமிழ் நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொற்களைத் தந்திருக்கிறது. கேட்பவரையும் உள்ளே இழுப்பது 'நாம்'. 'நாம் பாடம் கற்றுக்கொள்வோம்' என்றால், ரகசியம் அம்பலமான அந்தப் பிள்ளையும் பாடம் கற்க வேண்டுமா? அவள் என்ன தப்பு செய்தாள்? இந்த ஒற்றைச் சொல்லைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பழியை ஊர் முழுக்கப் பங்குவைக்கும் சொல் அது.

இனி இதையே திருத்தி எழுதுவோம்:

"மார்ச் 3 அன்று, எங்களிடம் உதவி பெறும் 41 மாணவர்களின் பெயர், குடும்ப வருமானம், வீட்டில் இருப்பவர்களின் நோய் விவரம் ஆகியவற்றை வெளியிட்டோம். வெளியிடும் முன் சரிபார்ப்பது செயலாளராகிய என் பொறுப்பு. நான் படித்துப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தேன். பட்டியலை நீக்க எங்களுக்கு 19 மணி நேரம் ஆனது. நம்பி எங்களிடம் மட்டும் சொன்னதை நாங்கள் ஊரறியச் செய்துவிட்டோம். அந்த 41 பேரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

எங்கும் அலங்காரம் இல்லை. தேதி, எண்ணிக்கை, செய்தவர், செய்தது, யாருக்கு நேர்ந்தது என்று எல்லாம் தெரிகிறது. 'நம்பி எங்களிடம் மட்டும் சொன்னதை' என்பது ஒரு தாய் சந்திப்பில் சொன்னதாக இருக்கட்டும். இரண்டாம் படியில் குறிப்பெடுக்கச் சொன்னது இதற்குத்தான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தீங்கை விவரிக்கிறேன் என்று மறுபடியும் அதையே செய்துவிடாதீர்கள். வகுப்பில் கேலிக்கு ஆளான பிள்ளையைப் பற்றி எழுதத் தோன்றினால், அந்த வீட்டாரின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது.

சொல் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017 ஏப்ரல் மாதச் சம்பவம் ஒன்று போதும். சிகாகோவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து ஒரு பயணி இருக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். முகத்தில் ரத்தம் வழிந்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. மறுநாள் தலைமை நிர்வாகி ஆஸ்கர் முனோஸ் மன்னிப்புக் கேட்டார். எதற்காக? பயணிகளுக்கு 'மாற்று இடம் ஏற்பாடு செய்ய' வேண்டி வந்ததற்காக. ரத்தத்தைப் பார்த்தவர்களிடம் இந்தச் சொல். போதாக்குறைக்கு, ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்தப் பயணியையே குறை கூறியிருந்தது வெளிவந்தது. அதற்கடுத்த நாள், யாரையும் இப்படி நடத்தக் கூடாது என்று அவரே முழுப் பொறுப்பேற்று மறுபடி கேட்டார். இரண்டாவது அறிக்கையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஊர் முதல் அறிக்கையைத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

நான்காம் படி: ஈடு என்ன?

ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் மன்னிப்பை ஆறு கூறுகளாகப் பிரித்தார்கள்: வருத்தம், நடந்ததற்கான விளக்கம், பொறுப்பேற்பு, மனமாற்றம், ஈடுசெய்ய முன்வருதல், மன்னிக்கும்படி வேண்டுதல். மொத்தம் 755 பேரிடம் சோதித்ததில் பொறுப்பேற்புக்கு முதலிடமும் ஈடுசெய்வதற்கு இரண்டாமிடமும் கிடைத்தன. கடைசியில் நின்றது, மன்னிக்கும்படி வேண்டுவது.

தமிழில் எழுதுவோர் இந்தக் கடைசி முடிவைக் கவனிக்க வேண்டும். நம் மொழியில் இந்தச் செயலின் பெயரே 'மன்னிப்புக் கேட்பது'. கேட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். 'மன்னிப்புக் கேட்கிறேன்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்குச் சொல்லாகிவிட்டது. அதை எழுதத்தான் வேண்டும். 'எங்களை மன்னித்துவிடுங்கள்' என்பது வேறு. அது பாதிக்கப்பட்டவரின் தலையில் ஒரு வேலையை ஏற்றுகிறது, அதுவும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. அவர் மறுத்தால் கல்நெஞ்சர் என்ற பெயர் அவருக்கு வரும். பொதுவெளியில் இந்த வரியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஈடு என்பது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களிடமிருந்து ஏதாவது கழிய வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்ததற்காக, அமெரிக்கா 1988-இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. காசோலையோடு குடியரசுத் தலைவரின் கடிதமும் போனது. இழந்த ஆண்டுகளுக்கு அந்தத் தொகை ஈடாகாது என்று கடிதமே ஒப்புக்கொண்டது. பணம் மட்டும் போயிருந்தால் வாயடைப்பாகவும், கடிதம் மட்டும் போயிருந்தால் சம்பிரதாயமாகவும் ஆகியிருக்கும்.

நம் அறக்கட்டளைக்கு வருவோம். நோய் விவரங்களை இனிக் கேட்கமாட்டோம். இருப்பவற்றை இம்மாத இறுதிக்குள் அழிப்போம். புகார் சொன்ன குடும்பங்கள் உட்பட யாருக்கும் உதவித்தொகை நிற்காது. கடைசி வாக்குறுதி சிறியதாகத் தெரியலாம். உதவி பெறும் குடும்பத்துக்கு, வாயைத் திறந்தால் பணம் நின்றுவிடுமோ என்ற பயம்தான் முதல் பயம். பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த வரி தோன்றும்.

வழக்கறிஞர் இந்த இடத்தில் குறுக்கிடக்கூடும்: 'பொறுப்பேற்றால் வழக்கு வரும்' என்பார். அவர் தொழிலுக்கு அது சரி; நாட்டுக்கு நாடு சட்டமும் மாறும்; அவரிடம் கேட்கவே செய்யுங்கள். ஆனால் அறிக்கையை அவர் கையில் கொடுத்து எழுதச் சொல்லாதீர்கள். 2008-இல் கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனத்தின் இறைச்சியில் லிஸ்டீரியா கிருமி பரவி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தொலைக்காட்சியில் நேராக வந்து மன்னிப்புக் கேட்டார். இந்த நெருக்கடியில் தாம் காதுகொடுக்காத ஆலோசகர்கள் இரு வகையினர், வழக்கறிஞர்களும் கணக்கர்களும் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

ஐந்தாம் படி: யார், எங்கே, யாரைப் பார்த்து?

பொறுப்பில் உள்ளவரே பேச வேண்டும்; செய்தித் தொடர்பாளர் வேண்டாம். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

இடம் அப்படியல்ல. 1914-இல் கோமகாட்டா மாரு என்ற கப்பல் 376 பயணிகளோடு வான்கூவர் சென்றது, பெரும்பாலோர் சீக்கியர்கள். ஏறக்குறைய எல்லோரையும் கனடா இறங்கவிடாமல் திருப்பி அனுப்பியது. 2008-இல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் ஒரு பூங்காவில் நடந்த விழாவில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். கூடியிருந்தவர்களில் பலர் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். 2016 மே 18 அன்று ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கேட்டார். அநீதி அரசின் பெயரால் நடந்தது. ஆகவே அரசின் பதிவேட்டில் அது ஏற வேண்டும் என்பதே அவர்கள் நியாயம். தவறு எந்த மேடையில் நடந்ததோ, மன்னிப்பும் அந்த மேடைக்கு வர வேண்டும். முகப்பில் பெரிய எழுத்தில் அவதூறு செய்துவிட்டுக் கடைசிப் பக்கத்தின் மூலையில் திருத்தம் போடுவது எவருக்கும் புரியும் தந்திரம்.

யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது இன்னும் நுட்பமானது. பொதுவெளியில் எப்போதும் இரண்டு கூட்டம் கேட்கிறது: அடிபட்டவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். வேடிக்கை பார்ப்பவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். உங்கள் பதவியும் வருமானமும் அவர்கள் கையில். அதனால் கண் தானாக அவர்கள் பக்கம் போகும். 2010-இல் மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறு விபத்தில் 11 தொழிலாளர்கள் இறந்திருந்தார்கள். பி.பி. நிறுவனத் தலைவர் டோனி ஹேவர்ட், மக்களின் வாழ்க்கை குலைந்ததற்காக மன்னிப்புச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், தன் பழைய வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்றார். அவர் கண் யார் பக்கம் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இதற்கு எதிர்முனையில் வில்லி பிராண்ட். 1970 டிசம்பர் 7. மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர், போலந்தின் வார்சாவில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த சேரியில் நடந்த எழுச்சியின் நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கிறார். நாடாவைச் சரிசெய்கிறார். சில அடி பின்னால் நகர்கிறார். எல்லாம் வழக்கமான சடங்கு. திடீரென்று கல் தரையில் முழங்காலிட்டு, கைகளைக் கோத்தபடி, ஒரு சொல்லும் பேசாமல் இருக்கிறார். அவர் நாஜி அல்ல. 1933-இலேயே நாஜிகளிடமிருந்து தப்பி நார்வேக்குப் போனவர். தன் கையால் செய்யாததற்காக, தன் நாட்டின் பெயரால் மண்டியிட்டார். ஊரில் அதற்குக் கைதட்டல் கிடைக்கவில்லை. அப்போது எடுத்த கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியர் 48 சதவீதம் பேர் அது மிகை என்றார்கள். சரி என்றவர்கள் 41 சதவீதம். வேடிக்கை பார்ப்பவர்களின் தயவை இழக்கத் துணிந்து, இறந்தவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் எதை இழந்தார் என்பதில்தான் அவர் நேர்மையை நான் காண்கிறேன். படிக்கும் தரப்பில் இருப்பவர்களும் இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இதைச் சொன்னதால் இவர் எதை இழந்தார்? கண்ணீரை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். நேர்மையானவருக்கு அழுகை வராமலும் போகலாம்.

ஆறாம் படி: வெளியிட்ட மறுநாள்

கோபமான பதில்கள் வரும். வசை நீங்கலாக எதையும் நீக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். 'மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும்?' என்று உங்கள் ஆதரவாளர்கள் பாதிக்கப்பட்டவரிடம் சண்டைக்குப் போவார்கள். அவர்களை அடக்க வேண்டியவர் நீங்கள்தான். பெயர் சொல்லி, வெளிப்படையாக அடக்குங்கள். இங்கே பேசாமல் இருந்துவிட்டால் அவர்கள் குரல் உங்கள் குரலாகவே கேட்கும்.

பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் போகலாம். அது அவர் உரிமை. அதைப் பற்றி நீங்கள் ஏமாற்றம் தெரிவிக்கக்கூட இடமில்லை. சொன்ன வேலைகள் அப்போதும் நடக்க வேண்டும். அறிக்கையில் கொடுத்த ஒவ்வொரு தேதியையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து, எல்லோரும் மறந்துவிட்ட ஒரு நாளில், அதே இடத்தில் மறுபடி எழுதுங்கள்: நோய் விவரக் கோப்புகளை மார்ச் 31 அன்று அழித்தோம், 41 குடும்பங்களில் 38 குடும்பங்களைச் சந்தித்தோம், மூன்று குடும்பங்கள் எங்களைப் பார்க்க விரும்பவில்லை, அவர்களை மீண்டும் அணுகமாட்டோம்.